ஏழு லீவர் போட்ட பாட்டில்

உலகத்துல திறக்க முடியாத பூட்டுன்னு எதுவும் கிடையாது. திண்டுக்கல்ல இருபது வருசமா பூட்டுப் பட்டறை வச்சிருக்கற நானே சொல்றேன். ஆனா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொம்பதுல நான் ஒரு பூட்டு செஞ்சேன். அதை ஒருத்தராலயும் திறக்க முடியாது. குறிப்பா ஒரு ஆளால முடியவே முடியாது. அந்த ஆளை நெனச்சுத்தான் அந்தப் பூட்டையே செஞ்சேன். அந்த ஆளு எங்க வீட்லதான் இருக்கு. எனக்குச் சோறு போடுது. பேரு மாயக்கா.

என் பேரு மூக்கையா. பேருல மட்டும் இல்ல, மூஞ்சியிலயும் முக்காவாசி இடம் மூக்குக்குத்தான். கண்ணைக் கட்டி விட்டாலும் மோந்து பாத்தே இது எந்தக் கடை பிரியாணி, எந்தத் தோட்டத்து மாம்பழம்னு சொல்லிருவேன். வேணும்னா ஊர்ல விசாரிங்க. எங்க வீட்ல மட்டும் விசாரிக்காதீங்க.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்துச்சு. ஒயினு சங்கம். மொத்தம் நாலு பேரு. அப்ப மதுவிலக்கு. கள்ளுக்கடை இருந்த எடத்துல எல்லாம் காப்பிக்கடை வந்திருச்சு. அதனால சங்கத்துக்கு போர்டு வைக்கல.

சங்கத்தை ஆரம்பிச்சவன் சோலைமுத்து. ரயில்வே கூட்ஸ் ஷெட்டுல மூட்டைக்கு நம்பர் போடறவன். ரிடையராகிப் போன ரயில் கார்டு ஒருத்தர், வெள்ளைக்காரத் தொரை, திராட்சைப்பழத்துல ஒயினு எப்படிப் போடறதுன்னு இவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. தொரை போயிட்டாரு, தொரைத்தனம் இவன்கிட்ட தங்கிருச்சு.

"ஒயினை எடுத்தவுடனே குடிக்கக் கூடாது மாப்ள. மொதல்ல கண்ணால பாக்கணும். அப்பறம் மோந்து பாக்கணும். அப்பறம் வாயில வச்சுக் கொப்புளிக்கணும்."

"கொப்புளிச்சா துப்பத்தான செய்வாக?"

"அது வாய்க்கால் தண்ணி. இது ஒயினு. முழுங்கணும்."

ரெண்டாவது ஆளு கண்ணுசாமி மாமா. நத்தம் ரோட்டுல மாந்தோப்பு வச்சிருக்காரு. போலீசுன்னா பயம். அதனால வைத்தியர் கடையில திராட்சாரிஷ்டம் வாங்கி பாட்டில்ல ஊத்திக்கிட்டு வருவாரு. "இது மருந்து அப்பு. சட்டம் ஒண்ணும் பண்ணாது. சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரு அவுன்சு." மாமா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சாப்பிடுவாரு.

மூணாவது நான். நாலாவது பக்ருதீன் பாய். பாய் ஒரு சொட்டுத் தொடமாட்டாரு. ஆனா அவரு பிரியாணி இல்லாம சங்கம் கிடையாது. ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வரணும்கறது சட்டம். அதனால பாயும் கொண்டு வருவாரு. அவரு சம்சாரம் தாஹிரா அக்கா போட்ட நன்னாரி சர்பத்து. நாங்க அதோட மூடியைக்கூடத் திறந்ததில்ல. "அது சின்னப்புள்ளைக குடிக்கறது, அங்குட்டு வைங்க பாய்"னு சொல்லிருவோம். பாய் சிரிச்சுக்கிட்டே அங்குட்டு வச்சிருவாரு.

பொங்கல் முடிஞ்சு கரிநாளன்னைக்கு மாமா மாந்தோப்புல விருந்து. எல்லா பாட்டிலையும் வரிசையா வச்சு ருசி பாப்போம். எவன் சரக்கு ஒசத்தியோ அவனுக்குத்தான் சட்டியில இருக்கற நல்லி எலும்பு. அந்த வருசம் முழுக்க மத்தவன் எல்லாம் அவனைத் "தலைவரே"ன்னு கூப்பிடணும். கடைவீதியில பாத்தாலும் கூப்பிடணும். பொண்டாட்டி பக்கத்துல இருந்தாலும் கூப்பிடணும். வருசா வருசம் சோலைமுத்துதான் செயிச்சுக்கிட்டு இருந்தான். கூட்ஸ் ஷெட்டுல மூட்டை எண்ற பயலை நான் "தலைவரே"ங்கணும். அது எனக்கு நெஞ்செலும்புல குத்துன நல்லியெலும்பு.

அம்பத்தொம்பது கரிநாளுல அவன் ஒயின்ல மூணு டம்ளரை ஏத்திட்டு வீட்டுக்கு வந்தேன். நான் ஒழுங்காத்தான் வந்தேன். அம்மிக்கல்லுதான் குறுக்க உக்காந்திருந்துச்சு. பாக்கறதுக்கு எங்க மாமியா பழனியம்மா மாதிரியே இருந்துச்சு. கும்பிட்டு, "எப்ப வந்தீக அத்தை, சாப்டீகளா"ன்னேன். பதில் இல்ல. "பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தராத கோவம் இன்னும் போகலையா அத்தை"ன்னேன். மாயக்கா கதவுக்கு அங்குட்டு நின்னு அம்புட்டையும் கேட்டுருச்சு.

மறுநாளு தட்டுல கற்பூரத்தை ஏத்திக்கிட்டு வந்து நிக்குது.

"சத்தியம் பண்ணுங்க. இனிமே அந்தக் கருமத்தைக் குடிக்க மாட்டேன்னு."

"குடிச்சா என்ன பண்ணுவ? கோவிச்சுக்கிட்டு நத்தத்துக்கு உங்கம்மா வீட்டுக்குப் போயிருவியாக்கும்." கொஞ்சம் ஆசையாத்தான் கேட்டேன்.

"நான் எதுக்குப் போறேன். எங்கம்மாவை இங்க வரச் சொல்லிருவேன். ஒரேயடியா."

அடிச்சேன் பாருங்க ஒரு சத்தியம். அடிச்ச அடியில கற்பூரமே அணைஞ்சு போச்சு.

எங்க மாமியாளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் ஒரு "ம்க்கும்" போட்டுத்தான் ஆரம்பிக்கும். "ம்க்கும், மாப்ள எந்திரிச்சாச்சா." "ம்க்கும், இது என்ன மூக்கா, மொட்டைமாடிப் படியா." மூணு நாள் தங்கிட்டுப் போனா, நாலாம் நாள் பட்டறையில என் சுத்தியலே "ம்க்கும், ம்க்கும்"னுதான் அடிக்கும். அது ஒரேயடியா வந்தா நான் அரத்தை வச்சு என் காதைத்தான் ராவிக்கிட்டு இருக்கணும்.

ஆனா சோலைமுத்து தலைவரா இருக்கறதையும் பாத்துக்கிட்டு இருக்க முடியல. கார்டு தொரை ஒரு ரகசியம் சொல்லிட்டுப் போயிருந்தாரு. ஒயினு பழசாகப் பழசாகத்தான் ஒசத்தி. சோலைமுத்துக்கு நாப்பது நாள்கூடப் பொறுக்காது. நான் மூணு வருசம் பொறுக்கறதுன்னு முடிவு பண்ணேன். சத்தியம்? குடிக்க மாட்டேன்னுதான சத்தியம். பூட்டி வைக்க மாட்டேன்னு பண்ணலையே. மூணு வருசம் கழிச்சு வாயில வைக்கறதுக்குப் பேரு குடிக்கறது இல்ல, டேஸ்ட்டு பாக்கறது. சத்தியம் பண்ணது தமிழ்ல.

மலையடிவாரத்துல கறுப்புத் திராட்சை வாங்கி, பட்டறையில ஜாடியில சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஊற வச்சு, வடிகட்டி ஒரு பாட்டில் எடுத்தேன். தக்கையை அடிச்சு, மேல மெழுகை ஊத்தி, சூடு ஆறதுக்குள்ள என் கட்டைவிரலை அதுல அமுக்கினேன். கவர்மெண்டு முத்திரையை எவனும் திருடலாம். என் ரேகையை எவன் திருடுவான்?

அந்த பாட்டிலைத் தேக்குப் பொட்டிக்குள்ள வச்சேன். பொட்டிக்குன்னு தனியா ஒரு பூட்டு செஞ்சேன். சாவி தூக்கினாத்தான் பூட்டு விடும்கற உள்தகட்டுக்கு லீவருன்னு பேரு. ஏழு லீவர். மூணு சாவி ஓட்டை, அதுல ரெண்டு பொய் ஓட்டை. சாவியை இடது பக்கம் ரெண்டு சுத்து, வலது பக்கம் ஒரு சுத்து, அப்பறம் செத்த நேரம் மூச்சு விடாம நின்னு மறுபடி இடது பக்கம் அரைச் சுத்து. வேற சாவி போட்டா உள்ள மணி அடிக்கும். குடிச்சா லீவரு கெட்டுரும்னு டாக்டருங்க சொல்லுவாங்க. என் பாட்டிலுக்கு ஏழு லீவரு. ஒண்ணு கெட்டாலும் ஆறு மிச்சம்.

மாயக்கா வந்து பொட்டியைச் சுத்திப் பாத்துச்சு.

"உள்ள என்னங்க?"

"பட்டறை ரகசியம். புதுப் பூட்டோட மாதிரி. அதான் ஏழு லீவர் போட்டுப் பூட்டியிருக்கேன். வெளிய தெரிஞ்சா போட்டிக்காரன் காப்பி அடிச்சிருவான்."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்." சாவி ஓட்டையில விரலை வச்சுப் பாத்துச்சு. "ஏழு லீவரா? அடேயப்பா. நீங்க செஞ்ச பூட்டைத் திறக்க ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

பதினாலு வருசக் குடித்தனத்துல அது என்னையப் பாராட்டுனது அந்த ஒரு தடவைதான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். எனக்கு வந்தது பெருமை.

மூணு வருசம். மாசம் ஒரு நாள் திறந்து பாப்பேன். பாட்டில் இருக்கும், ரேகை இருக்கும், கழுத்துல தூசி இருக்கும். மணி ஒரு நாள்கூட அடிக்கல. ரெண்டு கரிநாளும் பாட்டில் இல்லாமத்தான் போனேன். பாட்டில் இல்லாதவனுக்குக் கழுத்துக்கறி. தின்னேன். "பொறுங்கடா, அறுபத்திரெண்டு வரட்டும்"னு சொல்லிச் சொல்லித் தின்னேன்.

அறுபத்திரெண்டும் வந்துச்சு. கரிநாளன்னைக்குக் காலையில பாட்டிலைத் துண்டுல சுத்திப் பைக்குள்ள வச்சுக்கிட்டுக் கிளம்புறேன்.

"எங்க கிளம்பியாச்சு?"

"பாய் பிரியாணி போடறாரு. மாமா தோப்புல."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"பாய் இருக்கற எடத்துல வேற என்ன இருக்கும் புள்ள? யாரைப் பாத்து என்ன கேக்கற?"

"அதுவும் சரிதான். பாய் இருந்தா எனக்குக் கவலை இல்ல." பைக்கு மேல ஒரு பாக்கு மட்டையை வச்சு மூடி விட்டுச்சு. "வெயிலு படாமக் கொண்டு போங்க."

வெயில் படக்கூடாதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். பொம்பளைங்க எதைக் கொண்டு போனாலும் வெயில் படக்கூடாதுன்னு சொல்றதுதானேன்னு விட்டுட்டேன்.

தோப்புல பாய் சட்டியை இறக்கி தம்முல வச்சிருந்தாரு. சமுக்காளத்துல நாலு பாட்டிலும் வரிசையா நின்னுச்சு. மொதல்ல சோலைமுத்து ஒயினு. வாயில வச்சேன். என் மூக்கு நுனியிலருந்து முழங்கால் வரைக்கும் புளிச்சுச்சு. கொப்புளிச்சேன். இந்தத் தடவை துப்பிட்டேன்.

"என்ன மாப்ள துப்பிட்ட?"

"வாய்க்கால் தண்ணின்னு நெனச்சுட்டேன் தலைவரே."

அடுத்து மாமா பாட்டில். ஒரு மூடி குடிச்சேன். எனக்கு இல்லாத இருமல் நின்னு போச்சு. பாய் பாட்டிலை வழக்கம் போல அங்குட்டு வச்சாச்சு.

அப்பறம் நான் எந்திரிச்சேன். துண்டை உதறித் தோள்ல போட்டேன். சோலைமுத்து குரல்லயே ஆரம்பிச்சேன். "மொதல்ல கண்ணால பாக்கணும் மாப்ள." எல்லாரும் சிரிச்சாங்க, அவன் மட்டும் சிரிக்கல. மெழுகை உடைச்சேன். தக்கையைப் பிடுங்கினேன். மோந்து பாத்தேன். கிராம்பு வாசம் வந்துச்சு. கூடவே வேற ஏதோ ஒண்ணு, மண்ணுல மழை விழுந்த மாதிரி. "இதுதாண்டா வயசு வாசம். மூணு வருசம் இருட்டுல கெடந்தாத்தான் இது வரும்"னேன்.

டம்ளர்ல ஊத்தினேன். கருஞ்செவப்பு. சோலைமுத்து ஒரு வாய் குடிச்சான். இன்னொரு வாய் குடிச்சான். கண்ணை மூடிக்கிட்டான்.

"மாப்ள. கொஞ்சங்கூடப் புளிப்பு இல்லடா."

"புளிப்பெல்லாம் மொத வருசத்தோட போயிரும்."

"இனிப்பா எறங்குது. அப்பறந்தான் நெஞ்சுல ஒரு சூடு ஏறுது."

"அது ரெண்டாம் வருசம்."

மாமா ரெண்டு டம்ளர் குடிச்சாரு. மூணாவதுல அழ ஆரம்பிச்சிட்டாரு. "எங்க மச்சினன் நல்லவன் அப்பு, நாந்தான் அவனைப் புரிஞ்சுக்கல"ன்னு மாமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. சோலைமுத்து எந்திரிச்சுத் துண்டைப் பச்சைக்கொடி மாதிரி ஆட்டி, தோப்பையே மதுரைக்கு அனுப்பி வச்சான். எனக்கும் தலை லேசா சுத்துச்சு. மூணு வருசத்து வேகம்னா சும்மாவா.

அப்பத்தான் அந்த அதிசயம் நடந்துச்சு. சட்டி பக்கத்துல நின்ன பாய் வந்து பாட்டிலை வாங்குனாரு. மோந்து பாத்தாரு. என் மூஞ்சியைப் பாத்தாரு. மறுபடி மோந்தாரு. ஒரு டம்ளர் நெறைய ஊத்தி, மடமடன்னு குடிச்சிட்டு உதட்டைத் துடைச்சாரு.

நான் டம்ளரைப் பிடுங்கினேன். "பாய், என்ன காரியம் பண்ணீங்க?"

"எனக்கு இதுல ஒரு தப்பும் இல்ல மூக்கையா."

"இது மூணு வருசத்துச் சரக்கு பாய்."

"இருக்கட்டும். ருசி ரொம்பப் பழக்கப்பட்டதா இருக்கு." சட்டியைத் திறந்து நல்லி எலும்பைத் தேடி எடுத்து என் எலையில வச்சாரு. "இதை மிஞ்ச இந்த ஊர்ல எதுவும் கிடையாது. நான் எழுதித் தாரேன்."

பாயையே தடம் மாற வச்ச ஒயினுன்னா பாத்துக்கங்க. நான் நல்லியைத் தட்டி உறிஞ்சினேன். "தலைவரே"ன்னான் சோலைமுத்து. ஒரு தடவை இல்ல. நான் பதினோரு தடவை சொல்லச் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புனேன். வாசம் தெரியக்கூடாதுன்னு வழியில கொய்யா எலையை ஒரு கொத்து மென்னேன். தெரு முனையில நின்னு நேரா நடந்து பழகினேன். வீட்டுக்குள்ள போனதும் அம்மிக்கல்லைப் பாக்கவே இல்ல. அது பக்கம் மூஞ்சியைத் திருப்பாம, ஒரு வார்த்தை பேசாம, தாண்டிப் போயிட்டேன். அம்புட்டு நிதானம்.

"என்னங்க, ஆடு மாதிரி எதை மெல்றீக?"

"பல்லு வலி." ஒவ்வொரு எழுத்தாப் பாத்துச் சொன்னேன்.

"எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கிறீக?"

"நேராத்தான் நிக்கிறேன். பாரு. தள்ளாடல."

"ஏன் தள்ளாடப் போறீக?" மாயக்கா முறத்தைக் கீழ வச்சுச்சு. "நன்னாரி சர்பத்துக் குடிச்சா யாராச்சும் தள்ளாடுவாகளா?"

எனக்குள்ள ஒரு மணி அடிச்சுச்சு. மூணு வருசமா அடிக்காத மணி.

"யாரு சர்பத்துக் குடிச்சா?"

"நீங்கதான். தாஹிரா அக்கா போட்டது. சுக்கும் கிராம்பும் கூடப் போடச் சொன்னேன். நிறத்துக்குக் கொஞ்சம் திராட்சைச் சாறு ஊத்துனேன். நல்லி உங்களுக்குத்தான கெடச்சுச்சு?"

கொய்யா எலை தொண்டையில நின்னுக்கிச்சு. "பூட்டு," அப்படின்னேன். "என் பூட்டு. ஏழு லீவர். மணி."

"உங்க பூட்டை யாரு தொட்டா? அது கிட்டக்கூட நான் போகல. நீங்க பூட்டை முன்னாடி போட்டிருக்கீக. கீலு பின்னாடியில்ல இருக்கு." அடுப்படிச் செவுத்துல சொருகியிருந்த கோணி ஊசியை எடுத்துக் காட்டுச்சு. "இதை வச்சு ஒரு தட்டுத் தட்டுனா கீலு கம்பி ரெண்டும் கையில வந்துருது. மூடியைப் பின்பக்கமாத் தூக்குனா போதும். உங்க பூட்டே கீலா மாறி முன்பக்கம் நல்லா மடங்கிக் குடுக்குதுங்க."

போய்ப் பாத்தேன். பூட்டு ஜம்முனு தொங்குது. பின்னாடி கீலு கம்பி ரெண்டும் எண்ணெய் போட்டு வழவழன்னு இருக்கு. இருபது வருசமா பூட்டு செஞ்ச எனக்கு, ஒரு பொட்டிக்கு முதுகு உண்டுங்கறது தெரியாமப் போச்சு.

"ரேகை? அது என் ரேகை. அதை எப்படி?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறி தின்னுட்டு உருண்டு கெடப்பீகள்ல. புது மெழுகை ஊத்தி, பாட்டிலைக் கொண்டாந்து உங்க விரலைப் புடிச்சு அமுக்கிக்குவேன். நீங்க, 'இன்னும் ரெண்டு துண்டு போடு'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்குவீக."

"எத்தனை தடவை?"

"வருசத்துக்கு ஒரு தடவை. சர்பத்துப் பழசானாக் கெட்டுப் போயிருமே. தூசியை மட்டும் மாத்தல. அது அதே தூசிதான்."

நான் பொட்டி மேலயே உக்காந்துட்டேன். "அதுல பாட்டில் இருக்குன்னு உனக்கு எப்படி?"

"வாசக்கதவுக்குக் கயிறு கட்டி வச்சிருக்கற மனுசன், ஒரு பொட்டிக்கு ஏழு லீவர் போட்டா? அன்னைக்குச் சாயங்காலமே திறந்து பாத்துட்டேன்."

"அப்ப என் ஒயினு?"

"இருக்கு. கீழ ஊத்துவேனா? நம்ம வீட்டுப் பொருளு."

"எங்க இருக்கு?"

மாயக்கா வேற பேச்சை எடுத்துச்சு. "கற்பூரத்துல அடிச்ச சத்தியத்தை நீங்க காப்பாத்தல. நாந்தான் மூணு வருசமாக் காப்பாத்துனேன். சோலைமுத்து அண்ணன் பாட்டில்லயும் வாயை வச்சிருப்பீக."

"துப்பிட்டேன் மாயக்கா. சத்தியமா துப்பிட்டேன்."

"இன்னொரு சத்தியம் வேண்டாம். எங்கம்மாவுக்கு ஆளு அனுப்பறதா, இல்ல நான் சொல்றதைச் செய்யறீகளா?"

"ம்க்கும்"னு எங்கயோ தூரத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு. "சொல்லு புள்ள. எதுன்னாலும் செய்யறேன்."

"எனக்கு ஒரு பொட்டி வேணும். இதே மாதிரி ஏழு லீவர். கீலு உள்பக்கமா இருக்கணும். நீங்களே நெனச்சாலும் திறக்க முடியாததா இருக்கணும்."

அது விட்ட சவால்ல என் தொழில் புத்தி முழிச்சுக்கிச்சு. பத்து நாள் ராவி ராவி ஒரு பொட்டி செஞ்சேன் பாருங்க. அது கேட்டது ஏழு லீவர், நான் போட்டது ஒம்பது. கீலு உள்ள, கம்பிக்குத் தலை தட்டி வச்சேன். கோணி ஊசி இல்ல, கடப்பாறை கொண்டாந்தாலும் நடக்காது. இனிமே இந்த ஊர்ல எவனும் என் வேலையில குத்தம் சொல்ல முடியாதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு, ஒரே சாவியோட மாயக்கா கையில குடுத்தேன். அது எதையோ சேலைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்து உள்ள வச்சுச்சு. பூட்டுச்சு. சாவியைத் தாலிக்கயித்துல கோத்துக்கிச்சு.

நான் பூட்டு சரியா விழுந்திருக்கான்னு குனிஞ்சு பாத்தேன். அப்பத்தான் என் மூக்கு மொத தடவையா ஒழுங்கா வேலை செஞ்சுச்சு: உள்ள இருக்கறது என் ஒயினு.